ஸ்டீயரிங்கில் இருந்த ஒரு விரல் ப்ளே

நேரான சாலையில் ஸ்டீயரிங்கை ஒரு விரல் அகலத்துக்கு இடமும் வலமும் அசைத்தால், கார் அதைக் கண்டுகொள்ளாமல் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும். என்னுடைய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான் இருந்தது. முப்பத்தைந்து வயது தாண்டிய வண்டி, பவர் ஸ்டீயரிங் இல்லாதது, இந்த வயதில் இவ்வளவு தளர்ச்சி இருக்கத்தான் செய்யும் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். ப்ளே எனப்படும் இந்தத் தளர்ச்சி ஒரே நாளில் வருவதில்லை. அது கூடக் கூட, கையும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. வளைவு வருவதற்குக் கொஞ்சம் முன்னதாகவே அந்தத் தளர்ச்சியை எடுத்துவிட்டுத் திருப்பப் பழகிவிடுகிறது. அதனால்தான் அந்தக் காரைத் தினமும் ஓட்டும் நான் கண்டுபிடிக்காததை, ஆறு மாதம் கழித்து ஓட்டிய என் தம்பி இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்தான். "அண்ணா, திருப்பினால் முதலில் ஒன்றுமே நடக்க மாட்டேன் என்கிறதே, இதை எப்படி ஓட்டுகிறாய்?" என்று கேட்டுவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

அன்று மாலையே அளந்து பார்த்தேன். முன் சக்கரங்கள் நேராக இருக்க, ஸ்டீயரிங் வளையத்தின் விளிம்பில் ஒரு காகித நாடாவை ஒட்டி, டயர் அசையத் தொடங்கும் இடத்தை இரு பக்கமும் குறித்தேன். இரண்டு குறிகளுக்கும் நடுவே 14 மி.மீ. இருந்தது. ரேக் அண்டு பினியன் வகை ஸ்டீயரிங்கில் (ஸ்டீயரிங்கோடு சுழலும் பினியன் என்ற சிறு பல்சக்கரம், ரேக் என்ற பல் வைத்த தண்டை இடம் வலமாகத் தள்ளிச் சக்கரங்களைத் திருப்பும் அமைப்பு), அதிலும் ஸ்போர்ட்ஸ் காரில், இது மிகவும் அதிகம்.

ரேக்கைச் சக்கரங்களோடு இணைக்கும் கம்பிகளின் முனை மூட்டுகளான டை ராட் எண்டுகள் இரண்டையும் இதற்கு முன்பே மாற்றியிருந்தேன். அதன் பிறகும் தளர்ச்சி போகாததால் ரேக்கின் அட்ஜஸ்டர் திருகைச் சற்று இறுக்கவும் செய்தேன். அதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ரேக்கின் பற்கள் நடுப்பகுதியில்தான் அதிகம் தேய்கின்றன, ஏனெனில் வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுகிறது. நடுவில் உள்ள தளர்ச்சி போகும்வரை அட்ஜஸ்டரை இறுக்கினால், தேயாத ஓரப் பற்களுக்கு வரும்போது ரேக் இறுகிப் பிடிக்கும். வளைவு முடிந்த பிறகு ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. வேறு எங்கோ இருக்கும் ப்ளேயை ரேக்கை இறுக்கி மறைக்க முயல்வது ஆபத்தான வேலை. இந்த முறை முதல் காரியமாக அந்தத் திருகைப் பழைய நிலைக்கே கொண்டுவந்தேன்.

ப்ளே எங்கே இருக்கிறது என்று கண்டறிய விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை, இன்னொரு ஆள் போதும். எஞ்சினை நிறுத்தி, டயர்கள் தரையில் பதிந்திருக்க, தம்பியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து ஸ்டீயரிங்கைச் சிறிது சிறிதாக இருபுறமும் ஆட்டச் சொன்னேன். நான் பானெட்டுக்குள் கையை விட்டு, ரேக்கிலிருந்து தொடங்கி மேல்நோக்கி ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே வந்தேன். ஒரு இணைப்பின் இரு பக்கங்களிலும் விரல் படுமாறு கையைக் குறுக்காக வைத்தால், ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாமல் இருக்கும் அந்தக் கணம் கைக்குத் தெரியும். கண்ணுக்கு அவ்வளவு எளிதில் தெரியாது. ரேக்கின் பினியன் தண்டுக்கு நேர் மேலே இருந்த யுனிவர்சல் ஜாயின்டில் (கோணத்தில் நிற்கும் இரு தண்டுகளை, இரண்டு கவட்டைகளையும் நடுவில் ஒரு சிலுவைத் துண்டையும் கொண்டு இணைக்கும் மூட்டு) கை வைத்ததும் "டக், டக்" என்ற மெல்லிய அடி விரல் எலும்பு வரை ஏறியது. மேல் கவட்டை திரும்பிய பிறகு, கணிசமான நேரம் கழித்தே கீழ்க் கவட்டை திரும்பியது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, சிலுவை வடிவ நடுப்பகுதியின் தொப்பிகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் நுண்ணிய பொடி படிந்திருந்தது. கிரீஸ் வற்றிய பேரிங்கில் இரும்போடு இரும்பு உரசும்போது வரும் துருப்பொடி அது. இந்தப் பொடி கண்ணில் பட்டால், அதற்கு மேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

ஸ்டீயரிங் ஷாஃப்ட் என்று நான் சொல்வது, ஸ்டீயரிங் கம்பத்தின் அடிமுனைக்கும் ரேக்கின் பினியனுக்கும் நடுவே உள்ள இணைப்புத் தண்டை. சில கார்களில் அதன் ஒரு முனையில் ரப்பர் கப்ளிங் இருக்கும். என் காரில் இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜாயின்டுகளே இருக்கின்றன. ஒரே நேரான தண்டாக இதைச் செய்துவிட முடியாது. தாழ்ந்த பானெட், பின்னுக்குத் தள்ளி வைத்த எஞ்சின், அதன் பக்கவாட்டில் வளைந்து இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய்கள் என்று ஸ்போர்ட்ஸ் காரில் இடம் குறைவு; அந்த நெரிசலுக்குள் தண்டு நெளிந்துதான் ரேக்கை அடைய வேண்டும். நெளிவுக்குப் பாதுகாப்புக் காரணமும் உண்டு. அமெரிக்காவில் 1968-இல் நடைமுறைக்கு வந்த 204-ஆம் எண் பாதுகாப்பு விதி, மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் தடுப்பின் மீது நேராக மோதும்போது ஸ்டீயரிங் கம்பம் ஓட்டுநரை நோக்கி 127 மி.மீ.க்கு மேல் பின்வாங்கி வரக் கூடாது என்று வரையறுத்தது. முன்பக்கம் நசுங்கும்போது மடிந்து கொடுக்கும் இணைப்புத் தண்டும், ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் கம்பமும் அந்தத் தேவையை நிறைவேற்ற உதவுகின்றன. நான் கையில் எடுக்கப் போவது சாதாரணக் கம்பி இல்லை, விபத்தில் ஓட்டுநரின் நெஞ்சைக் காக்கும் அமைப்பின் ஒரு பகுதி என்ற நினைவோடுதான் வேலையைத் தொடங்கினேன்.

யுனிவர்சல் ஜாயின்டைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதிய தண்டைப் பொருத்தும்போது பலர் தவறு செய்யும் இடம் அதுதான். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கணித அறிஞர் ஜெரோலாமோ கார்டானோவின் பெயரால் ஐரோப்பாவின் பல மொழிகளில் இது அழைக்கப்படுகிறது. ஆங்கிலேயர் ராபர்ட் ஹூக் 1676-இல் சூரியனை நோக்கும் கருவிகளைப் பற்றி எழுதியபோது இதை விவரித்தார். அழகான அமைப்பு, ஆனால் ஒரு குணம் உண்டு: கோணத்தில் வேலை செய்யும்போது இது சுழற்சியைச் சீராகக் கடத்தாது. இரு தண்டுகளுக்கும் நடுவே 30 பாகை கோணம் இருந்தால், முதல் தண்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும் இரண்டாவது தண்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 1.15 மடங்குக்கு ஏறி, இருமுறை 0.87 மடங்குக்கு இறங்கும். இரண்டு ஜாயின்டுகளைச் சம கோணத்தில் வைத்து, நடுத்தண்டின் இரு முனைக் கவட்டைகளையும் சரியான திசையில் ஒன்றுக்கொன்று பொருத்தமாக அமைத்தால், முதலாவது கெடுத்ததை இரண்டாவது சரிசெய்துவிடும். பொருத்தம் தவறினால் இரண்டும் சேர்ந்து கெடுக்கும். ஸ்டீயரிங் ஒரு சுற்றுக்குள் இருமுறை கனத்து இருமுறை இலேசாகும். சில தண்டுகள் நடுவில் ஸ்ப்ளைன் (ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பிடிக்கும் நீளவாக்குப் பற்கள்) வைத்து இரு துண்டுகளாக இருக்கும். அவற்றைப் பிரித்து மாட்டும்போது ஒரு பல் மாறினாலே இந்தப் பொருத்தம் போய்விடும்.

கோணம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் நல்ல சான்று. 1962 முதல் 1980 வரை தயாரான அந்தக் காரில் கம்பத்துக்கும் ரேக்குக்கும் நடுவே ஒரே ஒரு ஜாயின்ட்தான். அதனால் இரண்டின் மையக்கோடுகளும் ஜாயின்டின் நடுப்புள்ளியில் சந்திக்கும்படி ரேக்கின் அடியில் மெல்லிய தகடுகளை வைத்துச் சரிசெய்ய வேண்டும் என்பது அதைப் பழுதுபார்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். சரிசெய்யாமல் விட்டால் புதிய ஜாயின்டும் சீக்கிரமே தேய்ந்துவிடும்.

என் காரின் 14 மி.மீ. எங்கிருந்து வந்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஜாயின்டின் சிலுவைக் கை, மையத்திலிருந்து சுமார் 18 மி.மீ. தொலைவில் பேரிங்கைத் தாங்குகிறது. ஸ்டீயரிங் வளையத்தின் ஆரம் 190 மி.மீ. அதாவது ஜாயின்டில் ஏற்படும் தேய்மானம் வளையத்தின் விளிம்புக்கு வரும்போது பத்து மடங்குக்கு மேல் பெருகிவிடுகிறது. உள்ளே 1 மி.மீ. தளர்ந்தால் விளிம்பில் 10 மி.மீ.க்கும் அதிகம். கைக்கு விரல் அகலமாகத் தெரிந்த தளர்ச்சி, உள்ளே ஒன்றரை மி.மீ.கூட இருந்திருக்காது.

மாற்று உறுப்புக்கு மூன்று வழிகள் இருந்தன. ஜாயின்டின் தொப்பிகளைச் சர்க்ளிப் என்ற வளையக் கவ்வி பிடித்திருந்தால், பழைய சிலுவைத் துண்டை அழுத்தி வெளியே தள்ளிப் புதியதை மாட்டலாம். என்னுடையதில் கவட்டையின் உலோகத்தையே உளியால் அடித்து மடக்கித் தொப்பியை நிலைநிறுத்தியிருந்தார்கள், ஆகவே அது பிரித்து மாட்டுவதற்காகச் செய்யப்பட்டதில்லை. உடைத்து விற்கும் கார்களிலிருந்து எடுத்த தண்டு மலிவாகக் கிடைத்தது. ஆனால் அதுவும் என் தண்டின் வயதுடையது, அதே வெப்பத்தில் வெந்தது. கடைசியாக, புதிய தண்டையே வாங்கினேன். தேய்ந்த ஜாயின்டை வெட்டி எடுத்து வேறொன்றைப் பற்றவைத்துத் தருவதாக ஒருவர் சொன்னார். அதற்கு நான் இசையவில்லை. பிரேக்கிலாவது இரண்டு சுற்றுகள் இருக்கின்றன, ஒன்று போனால் இன்னொன்று பிடிக்கும். ஸ்டீயரிங்கில் அப்படி மாற்று எதுவும் கிடையாது.

வேலையைத் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே இரு முனை போல்ட்டுகளின் மீதும் துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் அடித்து வந்தேன். வேலை நாளன்று பேட்டரி இணைப்பைக் கழற்றி, முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி ஸ்டாண்டுகளின் மீது இறக்கி, சக்கரங்களை நேராக்கி, ஸ்டீயரிங் சுழலாதபடி சீட் பெல்ட்டை வளையத்துக்குள் விட்டுக் கட்டினேன். என் காரில் ஏர்பேக் இல்லை. ஏர்பேக் உள்ள கார்களில் ஸ்டீயரிங் கட்டுப்பாடின்றிச் சுழன்றால் வளையத்தின் அடியிலுள்ள சுருள் மின்நாடா அறுந்துவிடும். அங்கே இந்தக் கட்டு இன்னும் அவசியம். பிறகு பினியன் தண்டு, கவட்டை, கம்பத்தின் முனை ஆகியவற்றின் மீது வெள்ளைப் பெயின்டால் ஒரே நேர்கோடாகக் குறி வைத்தேன்.

கவட்டையை ஸ்ப்ளைனின் மீது இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தினால் மட்டும் தண்டு வந்துவிடாது. அந்த போல்ட் ஸ்ப்ளைனில் வெட்டப்பட்ட பள்ளத்தின் வழியே குறுக்காகச் செல்கிறது; போல்ட் தளர்ந்தாலும் தண்டு கழன்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே அதை முழுவதும் உருவி எடுக்க வேண்டும். இதை அறியாமல் சுத்தியலால் அடிப்பவர்கள் உண்டு. தண்டின் நீளவாக்கில் அடிக்கும் ஒவ்வொரு அடியும் ஒரு பக்கம் ரேக்கின் பினியன் பேரிங்கையும், மறுபக்கம் விபத்தின்போது மட்டுமே உடைய வேண்டிய கம்பத்தின் பிளாஸ்டிக் பின்களையும் போய்ச் சேரும். நான் கவட்டையின் பிளவில் ஒரு மெல்லிய ஆப்பை வைத்து மிக இலேசாக விரித்தேன். பிறகு பக்கவாட்டில் அசைத்து அசைத்து இழுத்தபோது, அரைமணி நேரத்துக்குப் பின் அது மனமிரங்கி வந்தது. மேல் முனையைக் கழற்ற இடம் போதாமல் ரேக்கின் இரண்டு பிடிப்புகளையும் தளர்த்தி அதை விரல் அகலம் முன்னே தள்ள வேண்டியிருந்தது.

கழற்றிய தண்டை மேசையில் வைத்துப் பார்த்தபோது, மேல் ஜாயின்ட் இறுக்கமாக, சீராக அசைந்தது. கீழ் ஜாயின்ட் ஒரு திசையில் குழந்தையின் கிலுகிலுப்பை போல ஆடியது. குறுக்குத் திசையில் நடுநிலையில் மட்டும் ஒரு குழியில் விழுந்து பிடித்துக்கொண்டது. எக்ஸாஸ்ட் குழாய் அதற்கு ஒரு சாண் தூரத்தில் ஓடுகிறது. ஆண்டுக்கணக்கில் அந்தச் சூட்டில் ரப்பர் சீல் காய்ந்து வெடித்து, கிரீஸ் வற்றி, மழைநீர் உள்ளே போயிருக்கிறது. உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியதால், ஹேக்ஸா பிளேடால் ஒரு தொப்பியை அறுத்துத் திறந்தேன். வரிசையாக நிற்க வேண்டிய ஊசி பேரிங் உருளைகளில் பாதிக்கு மேல் பொடியாகிவிட்டிருந்தன. மிஞ்சியவை துருப்பிடித்து, பென்சில் முனை போல ஒரு பக்கம் கூம்பியிருந்தன. சிலுவைக் கையின் வழவழப்பான பரப்பில், உருளைகள் நின்ற இடங்களிலெல்லாம் நகத்தால் கீறியது போல இணையான பள்ளங்கள் விழுந்திருந்தன. ஸ்டீயரிங் பெரும்பாலும் நேர்நிலையிலேயே இருப்பதால் உருளைகள் புரளாமல், ஒரே இடத்தில் நின்று அதிர்ந்து அதிர்ந்து உண்டாக்கிய பள்ளங்கள் அவை. நடுவில் மட்டும் பிடித்ததற்குக் காரணமும் அதுவே.

புதிய தண்டை மாட்டும் முன் பழையதோடு பக்கத்தில் வைத்து நீளத்தையும், இரு முனை ஸ்ப்ளைன் பற்களின் எண்ணிக்கையையும், கவட்டைகள் ஒன்றுக்கொன்று நிற்கும் திசையையும் ஒப்பிட்டேன். பினியன் ஸ்ப்ளைனைப் பித்தளைத் தூரிகையால் தேய்த்துச் சுத்தம் செய்து மெல்லிய கிரீஸ் பூசினேன். பழைய போல்ட், நட்டு எதையும் மீண்டும் பயன்படுத்தவில்லை. பழையதன் தலையில் இருந்த அதே 8.8 வலிமைக் குறி கொண்ட புதிய போல்ட்டும், நைலான் வளையம் உள்ள புதிய நட்டும் வாங்கி வைத்திருந்தேன். கவட்டை முழுவதும் உள்ளே இறங்கிப் பள்ளத்தோடு துளை நேராக நின்றால், போல்ட் விரலாலேயே தடையின்றிப் போகும். போகவில்லை என்றால் இன்னும் சரியாக இறங்கவில்லை என்று பொருள். போல்ட்டை அடித்து நுழைக்கவே கூடாது.

இவ்வளவு கவனம் இருந்தும் முதல் முறை தவறினேன். எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுப் பார்த்தால், சக்கரங்கள் நேராக இருக்கும்போது ஸ்டீயரிங் வளையம் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. ஸ்ப்ளைனில் 36 பற்கள், ஒரு பல்லுக்கு 10 பாகை. கோணமானியை வைத்துப் பார்த்தேன், சரியாக ஒரு பல் மாறியிருந்தது. பழைய தண்டிலிருந்த பெயின்ட் குறியைப் புதியதற்கு மாற்றியபோது ஏற்பட்ட பிசகு. வளையத்தை மட்டும் கழற்றி நேராக்கிவிடலாமே என்றான் தம்பி. அப்படிச் செய்தால் கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் திருப்பம் முடிந்ததும் இண்டிகேட்டரைத் தானாக அணைக்கும் கட்டை இடம் மாறிவிடும். ஒரு பக்கத் திருப்பத்தில் சீக்கிரமாகவும் மறுபக்கத்தில் தாமதமாகவும் அணைக்கும். டை ராட்களைச் சரிசெய்து நேராக்குவது அதைவிட மோசம், ரேக்கின் நடுநிலையே போய்விடும். மீண்டும் ரேக்கைத் தளர்த்தி, தண்டைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டினேன். இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆனது.

போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு, அந்தக் காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, நட்டுக்கும் கவட்டைக்கும் குறுக்கே மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டேன். முன் சக்கரங்கள் அந்தரத்தில் இருக்க, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிச் சுற்றுகளை எண்ணினேன். நடுவிலிருந்து இரு பக்கமும் சமமாக வந்தது. எங்கும் கனக்கவில்லை, குழாய் எதிலும் உரசவில்லை. எக்ஸாஸ்ட்டுக்கும் கீழ் ஜாயின்டுக்கும் நடுவே முன்பு இருந்து எப்போதோ துருப்பிடித்து விழுந்துபோன வெப்பத் தகட்டுக்குப் பதிலாக, அலுமினியத் தகட்டை வளைத்துப் புதிதாக ஒன்று செய்து மாட்டினேன். அதைச் செய்யாவிட்டால் இந்த ஜாயின்டும் அந்த வழியே போகும்.

ஸ்டாண்டிலிருந்து இறக்கிய பின் காகித நாடாவை மீண்டும் ஒட்டி அளந்தேன். 14 மி.மீ. இருந்த இடத்தில் 3 மி.மீ. இருந்தது.

முதலில் காலி இடத்தில் நடை வேகத்தில், அதன்பின் வெறிச்சோடிய சாலையில் மெதுவாக ஓட்டினேன். முதல் சில நிமிடங்கள் கார் பரபரப்பாக, கொஞ்சம் மிரண்ட குதிரை போல இருந்தது. என் கைகள் இன்னும் பழைய தளர்ச்சியை எடுப்பதற்காக முன்கூட்டியே திருப்பிக்கொண்டிருந்ததுதான் காரணம். அந்தப் பழக்கம் விட இரண்டு நாள் ஆயிற்று. அதன்பிறகு, தார் ஒட்டுப்போட்ட இடத்தில் இடது டயர் ஏறுவதும், மணல் சிதறிய வளைவில் முன்பக்கம் இலேசாக நழுவத் தொடங்குவதும் உள்ளங்கையில் தனித்தனியாகத் தெரிந்தன. ப்ளே வருவதற்கு முன் அந்தக் காரை நான் விரும்பியது இதற்காகத்தான்.

நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, இரண்டு நட்டுகளையும் பார்த்தேன். மஞ்சள் கோடு நட்டிலிருந்து கவட்டைக்கு முறியாமல் நேராகவே ஓடியது.